மக்கீன் சொன்ன நான்கு செக்கன் கதை

கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதில் மக்கீனின் குஷன் கடையைத் தெரியாதவர்கள் இருக்கலாம். மக்கீனின் தொண்டையைத் தெரியாதவர்கள் இல்லை. முச்சக்கரவண்டி ஆசனங்களுக்கு றெக்சின் தைப்பது அவன் தொழில். கடற்கரை மைதானத்தில் உதைபந்தாட்டம் நடக்கும்போது மைக்கைப் பிடித்து நேர்முக வர்ணனை செய்வது அவன் உயிர். பந்து கோட்டுக்கு வெளியே போய் ஒருவன் சும்மா கையால் எறிந்தால்கூட, மக்கீன் சொல்லும்போது ஏதோ கோட்டை விழப்போகிறது போல இருக்கும். வீட்டுக்குள் மீன் வெட்டிக்கொண்டிருக்கும் பெண்களுக்குக்கூடப் பந்து இப்போது யாருடைய காலில் இருக்கிறது என்று தெரியும்.

அந்தத் தொண்டைதான் போன வருடம் அவனைக் கவிழ்த்தது.

வருடா வருடம் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதத்தில் நடக்கும் கிண்ணப் போட்டி. இறுதியாட்டத்தில் சாய்ந்தமருது புளூ வேவும் பக்கத்து ஊர்ப் பாண்டிருப்பு இளந்தளிரும் மோதின. நம் ஊர்களில் பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி என்று ஆட்டக்காரர்களைவிட அதிதிகள் அதிகம் வருவார்கள் அல்லவா? நடுக்கோட்டுக்கு நேரே இருந்த நல்ல இடமெல்லாம் அவர்களுடைய பந்தலுக்கும் மாலைக்கும் பொன்னாடைக்கும் போய்விட்டது. வர்ணனையாளரின் மேசையை மூலைக்கொடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள். கடைசி நிமிடத்தில் புளூ வேவ்காரன் அடித்த பந்து பக்கவலையை வெளியிலிருந்து தட்டியது. அந்த மூலையிலிருந்து பார்த்தால் வலை ஆடுவது மட்டும்தான் தெரியும். மக்கீன் நெஞ்சு வெடிக்க "கோல்" என்று கத்திவிட்டான். அவ்வளவுதான். ஊரே மைதானத்துக்குள் பாய்ந்தது. மத்தியஸ்தர் கத்திப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், ஒருவரும் வெளியே போகவில்லை. பொழுதும் சாய்ந்தது. கடைசியில் கிண்ணம் ஆளுக்கு ஆறு மாதம் என்று தீர்ப்பானது.

பாண்டிருப்பு அணியின் பயிற்றுநர் குணம், மக்கீனின் பழைய சிநேகிதன். பள்ளிக்காலத்தில் இருவரும் வலய அணியில் ஒன்றாக ஆடியவர்கள். குணத்தின் முச்சக்கரவண்டி ஆசனம் எப்போதும் மக்கீனின் கையால் தைத்ததுதான். அன்று குணம் அமைப்புக் குழுவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: இனி மக்கீன் மைக்கைத் தொட்டால் நாங்கள் மைதானத்துக்கு வரமாட்டோம். அதன்பிறகு ஆசனத்தையும் காரைதீவில் கொண்டுபோய்த் தைத்தான். அந்த வண்டி கடையைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு முறையும் மக்கீனின் கண் முதலில் அந்தத் தையலுக்குத்தான் போகும். கோணல் தையல். பார்க்கப் பார்க்க வயிறு எரியும்.

வாய் கட்டப்பட்ட அந்த வருடத்தில் மக்கீன் அமெரிக்காவுக்குப் போனான். விசா ஒன்றும் எடுக்கவில்லை; கையிலிருந்த போன் வழியாகத்தான். அதற்கும் காரணம் ஒரு கோபம். டலஸில் நடந்த உலகக் கிண்ணக் கிரிக்கெட் ஆட்டத்தில், சுப்பர் ஓவரில், பாகிஸ்தானை அமெரிக்கா தோற்கடித்த செய்தி எங்கள் கரையோரத்தில் எத்தனை வீட்டில் சோறு இறங்காமல் செய்தது என்று கணக்கெடுக்க முடியாது. மக்கீனும் சாப்பிடவில்லை. கிரிக்கெட் மட்டை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாதவர்கள் என்று அவன் நினைத்திருந்த நாடு அது. இவர்கள் வேறு என்னதான் விளையாடுகிறார்கள் பார்ப்போம் என்று யூடியூப்பைத் திறந்தவன், திறந்தபடியே இருந்துவிட்டான்.

மெக்சிகோவில் அமெரிக்கர் ஒருவர் நீளம் பாய்ந்தாராம். அளக்க வைத்திருந்த கருவிக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லையாம், நாடா கொண்டுவந்து அளந்தார்களாம். சிறுவயதில் காலில் கம்பி மாட்டி நடந்த ஒரு பெண் ரோமில் ஓடி மூன்று தங்கம் எடுத்தாராம். ஐஸின் மேல் சறுக்கி ஹொக்கி ஆடும் பல்கலைக்கழகப் பையன்கள் சோவியத்தின் மாபெரும் அணியைச் சாய்த்தார்களாம். ஐஸ் என்றால் மீன்பெட்டிக்குள் போடும் ஐஸ் மட்டுமே தெரிந்த மக்கீனுக்கு அதை எத்தனை தடவை பார்த்தும் ஆசை தீரவில்லை. பஞ்சு மூட்டையில் போனைச் சாய்த்து வைத்து, சத்தத்தை முழுதாகக் குறைத்து, தையல் மெசினை மிதித்தபடி தானே தமிழில் வர்ணனை சொல்லுவான். மெசின் ஓடும் வேகமும் வாய் ஓடும் வேகமும் ஒன்றாகவே ஏறும். அந்த வருடத்தில் பல ஆசனங்களில் தையல் நெருக்கமாக விழுந்ததற்கு அமெரிக்காதான் காரணம்.

மனைவி பஸ்மிலா பின்கதவால் எட்டிப் பார்ப்பாள்.

"இஞ்ச, ஆருக்குச் சொல்லுறீங்க இதையெல்லாம்? கடைக்குள்ள ரெண்டு பஞ்சு மூட்டதான் இரிக்கி."

"ஒனக்குத்தான் சொல்றன்."

"பஞ்சு மூட்ட கேக்கட்டும். எனக்கு அடுப்புல ஆணம் கொதிக்கிது."

அப்படிச் சொன்னவளையே ஒரு காட்சி அடுப்பை மறக்க வைத்தது. கலிபோர்னியாவில் இரண்டு பல்கலைக்கழகங்கள் ஆடிய ஆட்டம். முடிந்தது என்று நினைத்து ஒரு பக்கத்துப் பாண்ட் வாத்தியக்காரர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட, அவர்களுக்கு நடுவே பந்தைக் கொண்டு ஒருவன் ஓடுகிறான். பஸ்மிலா அதைத் திரும்பப் போடச் சொல்லி, திரும்பவும் போடச் சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு ஒன்று கேட்டாள்.

"ஆட்டம் முடிஞ்சி எண்டு அந்தப் பாண்ட்காரருக்கு ஆரு சொன்ன? அங்கயும் ஒரு மக்கீன் இருந்திரிப்பாரு."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவனுக்கோ சுருக்கென்று தைத்தது. அதன்பிறகு மற்ற எல்லாவற்றையும் பார்த்தான். அதை மட்டும் தொடவில்லை.

இந்த வருடமும் இறுதியாட்டத்துக்கு அதே இரண்டு அணிகள்தான் வந்தன. மைக்கில் றமீஸ். நல்ல பையன், டியூசனில் தமிழ் படிப்பிப்பவன். அவன் பேச்சு ஸ்திரி போட்ட சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் இருக்கும். கோல் விழுந்தாலும் மடிப்புக் கலையாது. மக்கீன் கடல் பக்கத்து வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கை கட்டியிருந்ததே தவிர வாய் தன்பாட்டில் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் றமீஸை விட்டுவிட்டு அந்த முணுமுணுப்பைத்தான் கேட்டார்கள். மைக்கை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பப் பிடிக்கவேண்டும் என்று அவன் மனது கிடந்து அடித்துக்கொண்டது. பிடித்தாலும் குணம் அணியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவானே என்பதும் தெரிந்திருந்தது.

ஆளுக்கு ஒரு கோல். முடிய ஒரு நிமிடமும் இல்லை. பாண்டிருப்பின் சசிகரன் எங்கிருந்தோ ஒரு அடி அடித்தான் பாருங்கள்! வீதிப் பக்கத்துக் கோல் கம்பத்தின் மேல்தடியில் பந்து பட்டது. பழைய மரத்தடி நடுவால் முறிந்து தொங்கியது. அத்துடன் நேரமும் முடிந்தது. இனி பெனால்டி. ஆனால் தடி இல்லாமல் பெனால்டி எப்படி அடிப்பது? மேசன்மார் பாவிக்கும் ஏணியை ஒருவர் தேட, இன்னொருவர் புதுத் தடி வாங்க மரக்காலைக்குச் சைக்கிளில் பறந்தார்.

சும்மா நிற்குமா சனம்? முறிந்த தடியைப் பார்க்க நாலு பேர் உள்ளே வந்தார்கள். நாலு பேரைப் பார்க்க நாற்பது பேர் வந்தார்கள். வீதிப் பக்கத்தில் கோடு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போனது. சத்தியமாக அது கோலுக்குள் போக இருந்த பந்து என்று ஒருவன், போகாது என்று இன்னொருவன், தள்ளுமுள்ளு தொடங்கியது. "அன்பான பார்வையாளர்களே, தயவுகூர்ந்து மைதானத்தை விட்டு..." என்று றமீஸ் பத்துத் தரம் சொன்னான். காற்றுக்குச் சொன்னதுதான். மத்தியஸ்தர் அமைப்புக் குழுத் தலைவர் ஸைனுலாப்தீன் ஹாஜியாரைக் கூப்பிட்டு, மைதானம் துப்புரவாகாவிட்டால் போட்டியை நிறுத்திவிட்டுப் போவேன் என்று கண்டிப்பாகச் சொன்னார். ஹாஜியாருக்கு வியர்த்துக் கொட்டியது. இன்னொரு வருடமும் பாதிக் கிண்ணமா?

அப்போதுதான் குணம் மைதானத்தின் குறுக்கே விறுவிறென்று நடந்து வந்தான்.

"ஹாஜியார், மைக்க மக்கீன்ட கையில குடுங்க."

ஹாஜியார் வாயைப் பிளந்தார். "நீங்கதானே அவன் வேணாம் எண்டு நிண்ட?"

"ஓம், நான்தான் சொன்ன. இப்பயும் நான்தான் சொல்றன். இந்தச் சனத்தக் கட்டிப்போட வேற ஆரால ஏலும்?"

வேலியோரம் நின்ற மக்கீனைக் கூட்டிவந்து மைக்கைக் கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு குணம் அவனுடைய முகத்தைப் பார்த்து முதன்முதலாகப் பேசினான்.

"மச்சான், என்னத்தையாவது கதை. ஆனா ஒரே ஒரு சொல்லு மட்டும் உன்ட வாயில வரப்படாது."

"என்ன சொல்லு?"

"கோல்."

மக்கீன் தலையை ஆட்டினான். வெளியே போங்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள். போன வருடம் உள்ளே கூப்பிட்டவனே அவன்தானே. அமெரிக்காவில் பார்த்ததையெல்லாம் மனதுக்குள் புரட்டினான். நீளம் பாய்ந்தவரா? ஐஸா? ஒன்றும் வாய்க்கு வரவில்லை. வந்தது அவன் தொடாமல் வைத்திருந்த அந்த ஒன்றுதான். சரி, நடப்பது நடக்கட்டும் என்று மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான்.

"சகோதரர்களே! பந்து இப்போது கலிபோர்னியாவில் இருக்கிறது!"

சனம் திரும்பிப் பார்த்தது. பழைய தொண்டை! யாரோ விசிலடித்தார்கள்.

"ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்திரண்டு. பேர்க்லி நகரம். எங்கள் றகர் பந்து போல முட்டை வடிவத்தில் ஒரு பந்து, தலையிலே கவசம், தோளிலே கவசம். ஒரு பக்கம் கலிபோர்னியா, மறுபக்கம் ஸ்டான்ஃபர்ட். சாய்ந்தமருதும் பாண்டிருப்பும் போல பக்கத்துப் பக்கத்து ஊர், பரம்பரைப் போட்டி! ஸ்டான்ஃபர்ட் இருபது, கலிபோர்னியா பத்தொன்பது. மிச்சம் இருப்பது நான்கு செக்கன்! நான்கு செக்கனில் என்ன செய்யலாம்? ஒரு மிடறு பிளேன்டீ குடிக்கலாம். ஸ்டான்ஃபர்ட்காரர் வென்றுவிட்டோம் என்று குதிக்கிறார்கள். குதித்ததற்குத் தண்டனையும் வாங்குகிறார்கள். இதோ, பந்தை உதைத்து அனுப்புகிறார்கள்!"

மக்கீன் வயரை இழுத்துக்கொண்டு மேசையை விட்டு வெளியே வந்தான். கையை நீட்டி மைதானத்தைப் பங்கு பிரித்தான்.

"கலிபோர்னியாக்காரன் கடல் பக்கமிருந்து ஓடி வீதிப் பக்கக் கோட்டைத் தாண்ட வேண்டும். பந்து நிலத்தில் பட்டு எழும்புகிறது, ஒருவன் பிடித்துவிட்டான்! நாலு பேர் பாய்கிறார்கள், விழப்போகிறான், விழமுதல் பின்னாலே எறிந்துவிட்டான்! அடுத்தவன் பிடித்தான். அவனையும் மடக்குகிறார்கள். அவனும் பின்னாலே எறிகிறான்! நான்கு செக்கன் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் சகோதரர்களே, பந்தோடு நிற்பவனின் முழங்கால் நிலத்தில் படும்வரைக்கும் ஆட்டம் முடியாது! இந்தா இன்னொருவன், கால் பிடிபட்டுவிட்டது, முழங்கால் நிலத்தில் படப்போகிறது, பட்டதா, படவில்லையா, பந்து கை மாறிவிட்டது!"

தள்ளுமுள்ளுப் பட்டவர்கள் ஒருவரின் சட்டையை ஒருவர் பிடித்தபடியே கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"இப்போது வீதிப் பக்கத்தைப் பாருங்கள்! அங்கேதான் ஸ்டான்ஃபர்டின் பாண்ட் வாத்தியக்காரர்கள் நிற்கிறார்கள். குழல், மேளம், தொப்பி. நூற்றுக்கு மேலே ஆட்கள். ஆட்டம் முடிந்ததென்று நினைத்து, அல்லாஹ்வே, கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைக்கிறார்கள்! அடேய் பாண்ட்காரர்களே, ஆட்டம் முடிந்ததென்று உங்களுக்கு யார் சொன்னது?"

வீதிப் பக்கத்துச் சனத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"நீங்கதான் மக்கீன் காக்கா சொன்ன!"

மைதானம் முழுக்கச் சிரிப்பு. ஹாஜியார்கூடச் சிரித்தார். குணம் சிரிக்கவில்லை. மக்கீனின் முகம் சூடாகிப்போனது. பிறகு அவனுடைய மைக் தமிழ் கழன்று விழுந்து வீட்டுத் தமிழ் வெளியே வந்தது.

"ஓம். நான்தான் சொன்ன. போன வருசம் நான் சொன்ன பிழ. அந்தப் பிழையால ரெண்டு ஊருக்கும் பாதிக் கிண்ணம். எனக்கு அது நெஞ்சுக்குள்ள முள்ளு மாதிரி இரிக்கி. அதான் இண்டைக்குச் சரியாச் சொல்றன், கேளுங்க. பந்தோட ஒருத்தன் ஓடி வாறான்! மலை மாதிரி ஆள்! நீங்க நிக்கிற இடத்துக்குத்தான் வாறான்! கோட்டுக்கு அங்கால போங்க! முட்டுப்பட்டா நான் பொறுப்பில்ல!"

சொன்னால் நம்பமாட்டீர்கள். வீதிப் பக்கத்துச் சனம் கீழே குனிந்து தங்கள் காலைப் பார்த்தது. கோட்டுக்கு உள்ளே நிற்கும் பாண்ட்காரர் தாங்கள்தான் என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தது. முன்னால் நின்றவர்கள் இரண்டு பக்கமும் விலகி, வராத அந்த ஓட்டக்காரனுக்குப் பாதையே விட்டார்கள். முறிந்த தடி தனியே தெரிந்தது. கோடும் தெரிந்தது. மத்தியஸ்தர் இடுப்பில் வைத்த கையை எடுத்தார்.

"விலகுங்க, விலகுங்க! வந்திட்டான்! குழல்காரர் சிதறி ஓடுறாங்க! ஒரே ஒருத்தருக்குத் தெரியா. அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிறாரு, கையில நீட்டுக் குழல். வந்தவன் கோட்டத் தாண்டிப் பாய்ஞ்சி, அவர்ர மேல... டமார்! குழலும் அவரும் நிலத்துல!"

ஊர் கைதட்டியது. மதில்மேல் இருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். மக்கீன் மூச்சு வாங்கினான். "இனித்தான் முக்கியம். மத்தியஸ்தர்மார் ஒண்டாக் கூடிட்டாங்க. குசுகுசு எண்டு கதைக்கிறாங்க. முழங்கால் பட்டதா? பாண்ட்காரர் உள்ள வந்தது பிழையா? இது செல்லுமா, செல்லாதா? இந்தா, ஒரு மத்தியஸ்தர் தலைய நிமித்துறாரு. கையத் தூக்..."

அல்லாஹு அக்பர் என்று பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு எழுந்தது.

பாங்கு நேரத்தில் இந்த ஊரில் மைக் பேசாது. மக்கீன் வாயில் வந்த சொல்லை விழுங்கி, சுவிட்சை அமர்த்தி, மைக்கை மேசையில் வைத்தான். சனத்தின் பக்கமிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. பாங்கு முடிந்ததும் சாய்ந்தமருதுச் சனம் பள்ளிவாசலை நோக்கி நடந்தது. குணம் ஓடிவந்து மக்கீனின் தோளைப் பிடித்தான்.

"டேய், செல்லுமா செல்லாதா? எனக்கு மட்டும் சொல்லிட்டுப் போ."

"தொழுதிட்டு வந்து சொல்றன். ஒனக்கு முதல்ல சொன்னா பாண்டிருப்புப் பக்கம் சாய்ஞ்சிட்டான் எண்டுவானுங்க."

வீறாப்பாகச் சொன்னானே தவிர, மக்கீனுக்குப் பயம் பிடித்துவிட்டது. மஃரிபுக்குப் போகிற சனம் மைதானத்துக்குத் திரும்பி வந்த கதை இந்த ஊரில் இல்லை. தொழுது முடிந்தால் தேத்தண்ணீர்க் கடை இருக்கிறது, வீடு இருக்கிறது, கல்முனைக்குப் போகிற வேலை இருக்கிறது. மைதானத்தில் ஆளில்லாமல் பெனால்டி அடித்தால் அது இறுதியாட்டமா? நேரத்தோடு கதையை முடிக்கத் தெரியாமல் இழுத்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டான். தொழுகையில் மனது நிற்காததற்கு அல்லாஹ்விடம் மன்னிப்பும் கேட்டான்.

வெளியே வந்தால், செருப்பைத் தேடிப்போட முன்னமே சனம் அவனைச் சூழ்ந்துகொண்டது. "காக்கா, செல்லுமா?" "மக்கீன் காக்கா, ஆரு வெண்ட?" ஒருவருக்கும் பதில் சொல்லாமல் நடந்தான். அவ்வளவு பேரும் பின்னாலேயே வந்தார்கள். மைதானத்தைச் சுற்றி முன்பைவிட அதிகக் கூட்டம். பஸ்மிலா தங்கை வீட்டு மொட்டைமாடியில் பெண்களுக்கு நடுவே நின்றாள். அவளைச் சுற்றி நின்றவர்கள் அவளிடம் முடிவைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றாள். கீழே அவ்வளவு கூட்டத்திலும் ஒரு கால்கூடக் கோட்டைத் தாண்டி இருக்கவில்லை.

புதுத் தடி ஏறியிருந்தது. வெளிச்சம்தான் போதவில்லை. குணம் தன் முச்சக்கரவண்டியைக் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கம்பத்தை நோக்கி ஹெட்லைட்டைப் போட்டான். அதைப் பார்த்து இன்னொன்று, பிறகு இன்னொன்று. சாய்ந்தமருது வண்டிகளும் பாண்டிருப்பு வண்டிகளும் வரிசையாக நின்று வலையை வெளிச்சமாக்கின. மக்கீன் வயரை இழுத்துக்கொண்டு வந்து குணத்தின் வண்டிப் பின் ஆசனத்திலேயே ஏறி உட்கார்ந்தான். அங்கிருந்து பார்த்தால் கோடு தெளிவாகத் தெரிந்தது.

"மத்தியஸ்தர் ரெண்டு கையையும் மேலே தூக்கிட்டாரு! செல்லும்! கலிபோர்னியா இருபத்தஞ்சி, ஸ்டான்ஃபர்ட் இருபது! பீரங்கி வெடிக்கிது!"

வண்டிகளெல்லாம் ஹோர்ன் அடித்தன. யாருமே முகம் பார்த்திராத ஓர் அணிக்காக எங்கள் கடற்கரை அன்று போட்ட சத்தம் கலிபோர்னியாவுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

பெனால்டி தொடங்கியது. ஒவ்வொரு அடிக்கும் மக்கீன் "வலைக்குள்!" என்றான், "வெளியே!" என்றான், அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. நாலு அடி முடிய இரண்டு பக்கமும் சமன். புளூ வேவின் ஐந்தாவது அடியைப் பாண்டிருப்புக் காவலன் பாய்ந்து தடுத்தான். சாய்ந்தமருது தலையில் கை வைத்தது. இனி சசிகரன் அடித்தால் கிண்ணம் பாண்டிருப்புக்கு.

சசிகரன் ஓடி வந்து அடித்தான். பந்து புதுத் தடியின் கீழ்ப்பக்கத்தில் பட்டு, நேரே நிலத்தில் குத்தி, வெளியே தெறித்தது.

உள்ளேயா, வெளியேயா? மைதானம் முழுவதும் முச்சக்கரவண்டிக்குள் இருந்த மக்கீனைத் திரும்பிப் பார்த்தது. பந்து கோட்டைத் தாண்டிக் குத்தியதை அவன் கண்ணால் கண்டான். சொல் தொண்டைக் குழிக்குள் வந்து முட்டியது. மக்கீன் மைக்கை மடியில் வைத்துவிட்டான். ஆசனத்தின் அந்தக் கோணல் தையலை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். மத்தியஸ்தர் கோட்டு நடுவரிடம் ஓடினார். இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள். ஒருவரும் அசையவில்லை. கடல் இரைவது கேட்டது.

விசில் ஊதியது. செல்லும் என்று மத்தியஸ்தரின் கை மைதானத்தின் நடுவைக் காட்டியது.

அப்போதும் மக்கீன் பேசவில்லை. பாண்டிருப்புப் பொடியன்மார் துள்ளத் தொடங்கியும், சனம் கோட்டிலேயே நின்று மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. குணம் கண்ணெல்லாம் நீராக ஓடிவந்து தன் வண்டியின் கூரையில் படாரென்று அடித்தான்.

"சொல்லன்டாப்பா! என்னத்துக்குப் பாத்துக்கிட்டிரிக்காய்?"

"நீதானே சொல்லப்படாது எண்ட?"

"ஓம், நான்தான் சொன்ன! இப்பயும் நான்தான் சொல்றன்! சொல்லு!"

தோற்றது மக்கீனின் சொந்த ஊர். ஆனால் ஒரு வருடம் முழுதும் பஞ்சு மூட்டைகளுக்கு முன்னால் அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் கூட்டி, பாண்டிருப்புக்காக அவன் அதைச் சொன்னான்.

"கோ...ஓ...ல்!"

சனம் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தது. இந்த முறை ஒருவரும் தடுக்கவில்லை. ஆட்டம் உண்மையாகவே முடிந்திருந்தது. குணம் வண்டிக்குள் ஏறி மக்கீனின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மக்கீன் ஆசனத்தின் கோணல் தையலை விரலால் தட்டிக் காட்டினான்.

"ஓம் மச்சான்," என்றான் குணம். "நாளைக்கு விடியக் கழட்டிக்கிட்டு வாறன்."